அண்ணாச்சிகளே, நடுராத்திரி வரை காத்திருக்காதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணாச்சிகளே, அறுபது எழுபதைக் கடந்த ஐயாமார்களே!

நெல்லைப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி ஆண்கள் வார்டில்தான் போனது. நீர் பிரியாமல் துடித்தபடி வந்த உங்களுக்கு டியூப் போடும் டாக்டருக்குப் பக்கத்தில் தட்டை ஏந்தி நின்றிருக்கிறேன். அதனால் உங்களிடம் இதைப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. உங்களுக்கும் இருக்க வேண்டாம். வீட்டுப் பெண்கள் இந்த மடலைப் படித்தால் படிக்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

நீங்கள் கூச்சக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். காலை நடைக்குப் போகும் மைதானத்திலும் டீக்கடை பெஞ்சிலும் நீங்கள் பேசுவதைத் தெருவே கேட்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை எத்தனை, சாப்பிட்ட பிறகு எத்தனை, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். யாருக்கு எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மூலத்துக்கு எந்த வைத்தியர் நல்லவர் என்றுகூடச் சத்தமாகவே விசாரிக்கிறீர்கள். ஆனால், "ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கேன், போய் நின்னா வரமாட்டேங்கு" என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. பக்கத்தில் நடப்பவருக்கும் அதே கதை. அவரும் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் சர்க்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

சொல்லாமல் இருப்பதற்காக நீங்கள் படும் பாடு கொஞ்சமா? இரவு பஸ் வேண்டாம் என்று ரயிலுக்கு மாறுகிறீர்கள். ரயிலிலும் கழிப்பறைக்குப் பக்கத்துப் படுக்கையைத் தேடுகிறீர்கள். கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறீர்கள். வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சொட்டு விழுந்தது தெரியக் கூடாதென்று வெள்ளை வேட்டியை விட்டுவிட்டு அடர்நிறக் கைலிக்கு வந்துவிடுகிறீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியும் ஐயா. நீங்கள் எத்தனை முறை எழுந்தீர்கள், கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் நீங்கள் எரிந்து விழுவீர்கள் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"வயசானா இப்படித்தானே இருக்கும்" என்பது உங்கள் பதில். பாதி சரி. புரோஸ்டேட் என்கிற சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் வெளியே வரும் குழாயைச் சுற்றி இருக்கிறது. வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடை. வயது ஏற ஏற அது பருக்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரைக்கும் அந்த வீக்கம் உண்டு. பருத்துவிட்ட எல்லோருக்கும் தொந்தரவு வருவதும் இல்லை. ஆகவே வயது காரணம் என்பது உண்மை. ஆனால் கண்புரைக்கும் வயதுதான் காரணம். அதற்கு மட்டும் முகாம் எந்த ஊரில் என்று விசாரித்துப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வருகிறீர்களே!

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். நீங்கள் வார்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நடுராத்திரியில்தான். முந்தின நாள் சளி பிடித்திருக்கும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டிருப்பீர்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஒன்று சிறுநீர்ப்பையின் அழுத்தும் சக்தியைக் குறைக்கும், இன்னொன்று அந்தப் பையின் கழுத்துப் பகுதியை இறுக்கும். ஏற்கெனவே குறுகிப்போன வழி அன்றைக்கு முழுசாக அடைத்துக்கொள்ளும். சிலருக்குக் கல்யாண வீட்டில் உள்ளே போன மது அதைச் செய்யும். சிலருக்கு நீண்ட பயணத்தில் அடக்கி வைத்தது, சிலருக்கு நாலு நாள் மலச்சிக்கல். அடிவயிறு கல் மாதிரி உப்பி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்று வருஷக்கணக்கில் மறைத்த ஒன்று, ஆட்டோக்காரரில் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் அன்றைக்கு ஒரே ராத்திரியில் தெரிந்துபோகும். எனக்கு ஆற்றாமை இதில்தான்.

ஆனால் அலறிக்கொண்டு வருகிறவரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. டியூப் போட்டதும் சில நிமிடங்களில் முகம் தெளிந்துவிடும். வலியே இல்லாமல் வருகிறவர்தான் என்னைக் கலங்க வைத்தவர். அவருக்கு அடைப்பு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும். பை முழுசாகக் காலியாவதில்லை, நீர் தேங்குகிறது. தேங்கித் தேங்கிப் பையின் தசை விரிந்து, உணர்ச்சியே மரத்துப்போகிறது. அடைபட்ட மடைக்குப் பின்னால் கண்மாயில் தண்ணீர் ஏறுவது போல, நீர் மேல்நோக்கித் தேங்கிச் சிறுநீரகம் வரைக்கும் போய்விடுகிறது. இவருக்குத் தெரிவதெல்லாம் தூக்கத்தில் படுக்கை நனைவது மட்டும்தான். நீர் தாராளமாகப் போகிறது என்று வீட்டில் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். நிரம்பிய பையிலிருந்து வழிகிறது, அவ்வளவே. மருமகள் பாயைக் காயப் போடும்போது அவமானத்தில் குறுகிப்போய், ராத்திரிச் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். கால் வீங்கிப் பசி போன பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எகிறியிருக்கும். வழியைத் திறந்துவிட்ட பின் சிலருக்குச் சிறுநீரகம் தேறிவிடும். தேறாதவர்களும் உண்டு. வயதான ஆண் திடீரென்று படுக்கையை நனைக்கத் தொடங்கினால் அது முதுமையின் சேட்டை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அந்த வாரமே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இடையில் உங்கள் கைவைத்தியம் வேறு. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம். நீர் நன்றாகப் பிரியட்டும் என்று சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, வழி அடைத்த நேரத்தில் பையை இன்னும் நிரப்பிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு சாரார் பயணம் இல்லாத நாளிலும் தண்ணீரை அறவே விட்டுவிடுகிறார்கள். அதனால் கடுப்பும் கல்லும் கிருமித் தொற்றும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கின்றன. பகலில் தேவையான அளவு குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். மாலை காபியை விடுங்கள். இதற்கு மேல் கைவைத்தியம் வேண்டாம்.

நீங்கள் வராததற்கு உண்மையான காரணங்களும் எனக்குத் தெரியும். வார்டில் விளக்கை அணைத்த பிறகு நீங்களே சொன்னவைதான்.

முதலாவது, அந்தப் பரிசோதனை. டாக்டர் உறை மாட்டிய விரலை ஆசனவாய் வழியே விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். சில நொடிகள். அசௌகரியம் உண்டு, மறுக்கவில்லை. ஆண்பிள்ளை இதற்கெல்லாம் படுப்பதா என்று ஒரு பெரியவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார். உங்கள் மனைவிமார் ஒவ்வொரு பிரசவத்திலும் எத்தனை பேர் முன்னால், எத்தனை மணி நேரம், எந்த நிலையில் படுத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? வெளியே வராந்தாவில் நின்றிருந்தீர்கள், தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் பொறுத்ததில் ஒரு துளிதான் உங்களிடம் கேட்கப்படுகிறது.

இரண்டாவது, புற்றுநோயாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இங்கே இரண்டு உண்மைகளைச் சேர்த்து மனதில் வைக்க வேண்டும். வயதில் வரும் சாதாரண வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. நீர் இறங்குவதில் சிரமம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வீக்கம்தான் இருக்கிறது. மறுபக்கம், புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குவதால் ஆரம்பத்தில் குழாயை நெருக்காது, எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்கு எலும்புக்குப் பரவி, முதுகுவலி என்று வந்த பிறகுதான் தெரிய வருகிறது. எனவே "எனக்கு நல்லாத்தானே போகுது" என்பதும் உத்தரவாதம் இல்லை, "சரியா போகல" என்பதும் மரண ஓலை இல்லை.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் எண் 4-க்கு மேல் போனதும் குடும்பமே அழுததைப் பார்த்திருக்கிறேன். சாதாரண வீக்கத்திலும் அது ஏறும். கிருமித் தொற்றிலும், நீர் அடைத்துக்கொண்ட சமயத்திலும் ஏறும். ஏறினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே அதன் அர்த்தம். எல்லோரும் வருஷா வருஷம் பார்த்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில்கூட 2018-இல் வந்த பரிந்துரை, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் டாக்டரோடு நன்மை தீமை பேசித் தாங்களே முடிவு செய்யட்டும் என்றும், 70-க்கு மேல் தொந்தரவு இல்லாதவர்களுக்கு வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்றும்தான் சொல்கிறது. ஆனால் தகப்பனாருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்திருந்தால் உங்கள் கணக்கு வேறு. 45 வயதிலேயே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லத் தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரும் உங்களைப் போல மறைத்தவராக இருந்தால் யாரைக் கேட்பீர்கள்?

மூன்றாவது பயத்தை நீங்கள் நேராகச் சொன்னதே இல்லை, சுற்றி வளைத்தீர்கள். ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடுமா? சாதாரண வீக்கத்துக்குப் பெரும்பாலும் செய்வது வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் அல்ல. நீர்க்குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, வழியை அடைக்கும் சதையைச் செதுக்கி எடுப்பார்கள். அதன் பிறகு உறவின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடுவது பலருக்கு நடக்கும். விறைப்பு பெரும்பாலோருக்கு முன்பு போலவே இருக்கும். மாத்திரைகளில் சில ஆசையைக் கொஞ்சம் குறைக்கலாம். இதையெல்லாம் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், அவர் சிரிக்க மாட்டார். இன்னொன்று, வருகிற எல்லோரையும் மேசையில் படுக்க வைப்பதும் இல்லை. பலருக்கு மாத்திரையே போதும்.

இந்த வீம்பு நம் ஊர் ஆண்களின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. டைக்கோ பிராஹே என்று வானத்தை அளந்த பெரிய விஞ்ஞானி, 1601 அக்டோபரில் பிராகா நகரில் ஒரு விருந்தில் உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுவது மரியாதைக் குறைவு என்று அடக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு நீர் இறங்கவில்லை. பதினோராவது நாள் இறந்துபோனார், வயது 54. இதை எழுதி வைத்தவர் அவரிடம் வேலை பார்த்த கெப்ளர். நானூறு வருஷம் கழிந்தும் மனிதர்கள் மாறவில்லை. அப்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். தொற்று ஏற்பட்டுப் புத்தாண்டு அன்று மறுபடி மருத்துவமனையில் சேர்ந்ததை நாட்டின் அதிபருக்கே சில நாட்கள் சொல்லவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே 2024 ஜனவரியில் இங்கிலாந்து அரசர் சார்லஸ், தனக்குப் புரோஸ்டேட் வீக்கம், சிகிச்சைக்குப் போகிறேன் என்று அரண்மனை மூலமே அறிவித்தார். மற்ற ஆண்களும் போய்ப் பார்க்கட்டும் என்பதற்காகவே வெளியே சொல்வதாகவும் தெரிவித்தார்கள். கிரீடம் வைத்தவருக்கே கூச்சம் இல்லை, உங்களுக்கு என்ன?

சரி, எப்போது வர வேண்டும்? இதைத்தான் நான் எழுத நினைத்தேன்.

அன்றைக்கே, அந்த நேரமே வர வேண்டியவை சில உண்டு. நீர் சொட்டுக்கூட இறங்காமல் அடிவயிறு உப்பினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும், நீர் போகும்போது எரிச்சலும், தொடைகளுக்கு நடுவில் வலியும் சேர்ந்து வந்தால் அது சுரப்பியில் கிருமி ஏறிய அடையாளம், ரத்தத்தில் பரவினால் உயிருக்கு ஆபத்து. முதுகுவலியோடு கால் பலம் குறைந்து, உட்காரும் இடம் மரத்துப்போய், நீரும் நின்றுவிட்டால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அதில் ஒரு நாள் தாமதித்தால் நடையே போகலாம்.

நீரில் ரத்தம் தெரிந்தால் அந்த வாரத்துக்குள் வாருங்கள். ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டது, வலி இல்லை, சூடு பிடித்ததால் இருக்கும் என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வலியில்லாத ரத்தம்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டியது. பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

மற்றவைக்கு ஒரு மாதம் தவணை தருகிறேன், அதற்கு மேல் இல்லை. இரவில் இரண்டு முறைக்கு மேல் எழுவது. போய் நின்று காத்திருக்க வேண்டியிருப்பது. நீரின் வேகம் குறைந்து காலடியிலேயே விழுவது. விட்டு விட்டு வருவது. முடிந்த பிறகும் சொட்டுவது, இன்னும் பாக்கி இருப்பது போலத் தோன்றுவது, அவசரமாக வந்து கழிப்பறை போய்ச் சேருவதற்குள் நனைந்துவிடுவது. இவை எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவது உங்கள் வழக்கம். சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், மாலையில் போடும் நீர் மாத்திரையும் காரணமாக இருக்கலாம், இதயத்தின் பலவீனமும் காரணமாக இருக்கலாம். எது என்று முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல.

அரசு மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார்கள். புற்றுநோய்க்காகத் தேடிப் பரிசோதிப்பது வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் என்ற மூன்றுக்கு. "நீர் ஒழுங்காகப் போகிறதா?" என்று வயதான ஆணிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் செலவு ஒன்றும் இல்லை. கேட்கும் காலம் வரட்டும். அதுவரை நீங்களே சொல்லலாமே. கையை நீட்டி பிரஷர் பார்க்கக் கொடுக்கும்போது, கூடவே இதையும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாம்சுலோசின் போன்ற மாத்திரை படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்ற வைக்கும், உட்கார்ந்து நிதானித்து எழுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது இதைச் சாப்பிடுவதாகக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்பாவை சரியாக விரியாமல் ஆபரேஷனில் சிக்கல் செய்யும் மருந்து அது. சுரப்பியைச் சுருக்கும் பினாஸ்டரைட், டூட்டாஸ்டரைட் பலன் காட்ட ஆறு மாதம்கூட ஆகும், பத்தே நாளில் "கேட்கல" என்று நிறுத்தாதீர்கள். அவை பி.எஸ்.ஏ. எண்ணை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், ரத்தம் கொடுக்கும்போது அதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவதை விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது இதுதான். இன்று ராத்திரி உங்கள் மனைவியிடமோ மகனிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். நாளைக்கு நடைக்குப் போகும்போது பக்கத்தில் வருகிறவரிடம் நீங்களே முதலில் கேளுங்கள், அவர் மூச்சுவிட்டுவிட்டுத் தன் கதையைத் தொடங்குவார். இரண்டு பேருமாகச் சேர்ந்து வந்து ஓ.பி. சீட்டு வாங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கெல்லாம் போனீர்கள் என்று இரண்டு மூன்று நாள் காகிதத்தில் குறித்து வந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். வந்த அன்று சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கும். அதற்குச் சிறுநீர்ப்பையில் நீர் இருக்க வேண்டும், அதனால் கிளம்பும்போது வீட்டிலேயே போய்விட்டு வராதீர்கள்.